கம்பி கழன்ற பிறகு

(பெற்றோர்களும் மாணவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பல் கம்பியைக் கழற்றும் நாள் ஒரு வீட்டுக்குப் பண்டிகை நாள். நாற்காலியில் சாய்ந்திருக்கும் பிள்ளையின் வாய்க்குள் மருத்துவர் சின்னக் குறடு ஒன்றை விடுகிறார். பல்லின் மேல் ஒட்டிய துண்டை இரண்டு பக்கமும் அழுத்துகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். ஒன்று விட்டது. அடுத்து இன்னொரு 'டக்'. கொஞ்ச நேரத்தில் எல்லாத் துண்டுகளும் கம்பியில் கோத்த மாலைபோல ஒன்றாக வெளியே வந்துவிடுகின்றன. பல்லில் மிச்சமிருக்கும் பசையைச் சுரண்டி மெருகேற்றியதும் பிள்ளை செய்கிற முதல் காரியம், நாக்கை முன்பற்கள்மேல் ஓட்டிப் பார்ப்பதுதான். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் கரடுமுரடாக இருந்த இடம் கண்ணாடிபோல் வழுக்குகிறது. அம்மா செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறார். முறுக்கு, கடலை மிட்டாய், கொய்யாக்காய் என்று இத்தனை நாள் ஒதுக்கி வைத்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே மருத்துவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, "இதை விடாம போட்டுக்கணும்மா" என்கிறார். அது யார் காதிலும் சரியாக விழுவதில்லை.

இன்றைய பேச்சு அந்த டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றியது. அதற்கு ரிடெய்னர் என்று பெயர். கிளிப் போட்டோம், பல் நேரானது, வேலை முடிந்தது என்று எண்ணுகிற குடும்பங்கள் ஏராளம். கிளிப் பல்லை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான். அங்கே தங்க வைப்பது ரிடெய்னரின் வேலை. இதை முதல் நாளிலேயே அழுத்திச் சொல்லாததால் எத்தனையோ பிள்ளைகளின் இரண்டு வருடப் பொறுமையும், பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய பணமும் வீணாகிப் போகின்றன.

பல்லை நகர்த்தும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. பால்பல் விழாமல் நிற்க, அதன் பக்கத்திலேயே நிலைப்பல் முளைத்தால், பால்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பல்லை நாள்தோறும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளிவரச் சொன்னார் முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ். 1728இல் பிரான்சில் பியர் ஃபோஷார் வெளியிட்ட பல் மருத்துவ நூலில் கோணல் பல்லைக் கருவியால் பிடித்து ஒரே மூச்சில் திருப்பிவிடும் முறையும் வருகிறது. கேட்கவே கூசுகிற வைத்தியம். ஆனால் திருப்பிய பல்லை அவர் அப்படியே விட்டுவிடவில்லை, பக்கத்துப் பற்களோடு சேர்த்து நூலால் கட்டினார். நேராக்கிய பல்லைப் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்பது கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி.

ஏன் பிடித்து வைக்க வேண்டும்? பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி தாடை எலும்பில் இறுகி நிற்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் எண்ணற்ற நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, பல்லைத் தொட்டில்போலத் தாங்குகின்றன. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, நெருக்குப்படும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலைக்கு வருகின்றன. எதிர்ப்பக்கத்தில் எலும்பு கட்டும் செல்கள் வந்து விட்ட இடத்தை நிரப்புகின்றன. இப்படிக் கரைத்தும் கட்டியும் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் பல் நகர்கிறது.

எலும்பு இதற்கு ஒத்துக்கொள்கிறது. நார்கள் அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்வதில்லை. வேரைச் சுற்றியுள்ள நார்கள் மூன்று நான்கு மாதத்தில் புது இடத்துக்கு ஏற்பத் தங்களைத் திருத்திக்கொள்ளும். பிடிவாதக்கார நார்கள் ஈறுக்குள் இருக்கின்றன. எலும்பு விளிம்புக்கு மேலே, பல்லின் கழுத்தைச் சுற்றி ஓடுகிற அவற்றுக்கு ரப்பர்போல இழுபட்டுச் சுருங்கும் குணம் உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ரைட்டான் நாய்களின் பற்களைத் திருப்பி, திருப்பிய நிலையிலேயே பிடித்து வைத்து, பிறகு அந்தத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார். 1959இல் அவர் வெளியிட்ட முடிவு பல் சீரமைப்பு மருத்துவர்களை உலுக்கியது. 232 நாள் கழித்தும் ஈறு நார்கள் இழுபட்டபடியே இருந்தன. ஏறத்தாழ எட்டு மாதம்! பல்லை விட்டால் பழைய பக்கமே திருப்பிவிடத் தயாராக அவை காத்திருந்தன. முறுக்கிக்கொண்டு முளைத்த பல்லை நேராக்கும்போது, இந்த நார்களை ஈறோரமாகக் கீறிவிடும் சிறு அறுவையும் உண்டு. 1970இல் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் அதை விவரித்தார்.

வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போட்ட மறுநாளே அதன்மேல் ஏறி நடக்கலாம். அதற்காக எந்தக் கொத்தனாரும் மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க மாட்டார். மேலே இறுகியது தெரியும், உள்ளே இறுகியது தெரியாது. கம்பி கழன்ற நாளில் பல்லும் அப்படித்தான்: கண்ணுக்கு நேராக இருக்கிறது, உள்ளே இறுகவில்லை.

ஆனால் காங்கிரீட் உதாரணம் பாதி வழிதான் வரும். தளம் ஒருமுறை இறுகிவிட்டால் பலகைக்கு வேலையில்லை. பல் விஷயத்தில் அப்படி ஒரு நாள் வருகிறதா? இந்தக் கேள்விக்கு உலகமே எதிர்பாராத பதில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து வந்தது.

அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சிகிச்சை முடிந்து போனவர்களைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைத்து, அவர்களுடைய பற்களை அச்செடுத்துப் பாதுகாக்கும் வழக்கம் இருந்தது. அலமாரி அலமாரியாகப் பிளாஸ்டர் பற்கள். ராபர்ட் லிட்டில் என்பவர் அந்த அச்சுகளை அளக்க ஓர் எளிய வழி கண்டார். கீழ்வரிசையில் ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை ஆறு பற்கள். பக்கத்துப் பக்கத்துப் பற்கள் தொட்டுக்கொள்ள வேண்டிய இடங்கள் ஐந்து. ஒவ்வோர் இடத்திலும் பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து கூட்டினால் ஓர் எண் வரும். மூன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை. 1975இல் அவர் வெளியிட்ட இந்த அளவு இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

1981இல் லிட்டிலும் அவருடைய சகாக்களும் 65 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். எல்லோரும் முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, முறையாகக் கம்பி போட்டு, ரிடெய்னரும் போட்டு, அதைக் கழற்றிப் பத்தாண்டுக்கு மேல் ஆனவர்கள். அவர்களில் கீழ்ப்பல் வரிசை திருப்தியாக இருந்தவர்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. 1988இல் அதே கூட்டத்திலிருந்து 31 பேரை, இருபதாண்டு கடந்த நிலையில் மறுபடி பார்த்தார்கள். இப்போது தேறியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான்.

இந்த எண்களைவிடப் பெரிய சேதி ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. யாருக்குப் பல் திரும்ப நெரிசலாகும், யாருக்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல ஏதாவது அடையாளம் கிடைக்குமா என்று தேடினார்கள். ஆணா பெண்ணா, எந்த வயதில் தொடங்கியது, முதலில் எவ்வளவு கோணல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நம்பத்தகுந்த அடையாளம் ஒன்றும் அகப்படவில்லை. "எம் பொண்ணுக்கு லேசாத்தான் கோணல் இருந்துச்சு, அவளுக்கு ரிடெய்னர் எதுக்கு?" என்று கேட்கும் தாய்க்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: அவளுக்கு வேண்டியதில்லை என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

இதில் கம்பியின் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. கம்பியே போடாத, இயல்பாக நல்ல வரிசை உள்ள 65 பேரைச் சிறுவயதிலிருந்து இருபது வயது வரை தொடர்ந்து எடுத்த அச்சுகளை வைத்து சின்கிளேரும் லிட்டிலும் 1983இல் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கும் பல் வளைவின் நீளம் குறைந்துகொண்டே வந்திருந்தது, கீழ் முன்பற்கள் மெல்ல நெருங்கியிருந்தன. தலை நரைப்பதுபோல, தோல் சுருங்குவதுபோல இதுவும் வயதின் வேலை. நாற்பது வயதுக்காரர் தன் கல்யாணப் படத்தையும் இன்றைய கண்ணாடியையும் பக்கத்தில் வைத்துக் கீழ்ப்பற்களைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஞானப்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசியில் முளைக்கிற அது பின்னாலிருந்து முட்டித் தள்ளுவதால்தான் முன்பல் கோணுகிறது என்று வீட்டுக்கு வீடு நம்பப்படுகிறது. சில மருத்துவர்களும் அப்படிச் சொல்வதுண்டு. பிரிட்டனில் ஞானப்பல்லைப் பிடுங்கியவர்களையும் பிடுங்காதவர்களையும் ஒப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வு, முன்பல் நெரிசலைத் தடுக்க மட்டும் என்று ஞானப்பல்லைப் பிடுங்குவதில் நியாயமில்லை என்ற முடிவுக்கு வந்தது. சொத்தை, சீழ், வலி என்று வேறு காரணம் இருந்தால் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ரிடெய்னருக்குப் பதிலாக ஞானப்பல்லைக் காவு கொடுப்பதால் பலனில்லை.

சரி, டப்பாவைத் திறந்து பார்க்கலாம்.

பழைய தலைமுறைக்குத் தெரிந்தது ஹாலி ரிடெய்னர். அமெரிக்கரான சார்லஸ் ஹாலி 1919இல் எழுதி அறிமுகப்படுத்தியது. மேலண்ணத்தில் படிந்து உட்காரும் தகடு ஒன்று, முன்பற்களுக்கு வெளியே ஓடும் கம்பி ஒன்று, கடைவாய்ப்பல்லைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள். நூறாண்டு கடந்தும் அதே வடிவம்தான். உடைந்தால் ஒட்டலாம், கம்பி தளர்ந்தால் முறுக்கிச் சரிசெய்யலாம், வருடக்கணக்கில் உழைக்கும்.

அதைப் போட்ட முதல் சில நாள் பேச்சுக் குழறும். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. ண, ள, ழ மூன்றுக்கும் நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும் அல்லது நெருங்க வேண்டும். தகடு உட்கார்ந்திருக்கும் இடமும் அதுவே. 'பள்ளிக்கூடம்', 'மழை', 'கிணறு' எல்லாம் வாயில் சிக்கும், எச்சில் ஊறும், வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே பிள்ளை கூசும். பல பிள்ளைகள் கழற்றி வைக்கிற முதல் சந்தர்ப்பம் இதுதான். வீட்டில் உட்கார்ந்து தினமும் கால்மணி நேரம் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் சில நாளில் நாக்குப் பழகிக்கொள்ளும். கேலி செய்கிற அண்ணனையும் அக்காளையும் அந்தச் சில நாள் அடக்கி வைப்பது பெற்றோரின் பொறுப்பு.

இன்று அதிகம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை. 1971இல் போனிட்ஸ் என்ற அமெரிக்கர் இப்படியொன்றை விவரித்தார், 1990களில் அது பரவியது. இதைச் செய்வதைப் பார்ப்பதே ஓர் அனுபவம். முதலில் பல்லை அச்செடுக்கிறார்கள். தட்டில் கூழாக நிரப்பி வாயில் வைக்கிற அந்த ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையில் பெண்கள் கடலில் முழுகிப் பறித்து வரும் பழுப்புப் பாசியும் ஆல்ஜினேட் எடுக்கப் பயன்படுவதுதான். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுத்து, ஒரு சின்ன இயந்திரத்தின் மேல் வைக்கிறார்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் தகடு. அது சூடேறி அப்பளம்போல நடுவில் தொய்ந்து இறங்கும். சரியான நொடியில் அதை மாடல்மேல் இறக்கிக் காற்றை உறிஞ்சினால், ஒவ்வொரு பல்லின் மேடும் பள்ளமும் பிசகாமல் படிந்துவிடும். ஆறியதும் ஓரத்தை வெட்டி மழுக்கிக் கொடுக்கிறார்கள். அச்சுக்குப் பதிலாகச் சின்னக் கேமராவால் வாயை ஸ்கேன் செய்யும் மருத்துவர்களும் இப்போது உண்டு.

மூன்றாவது, பல்லின் உட்பக்கத்தில் ஒட்டிவிடும் முறுக்குக் கம்பி. கீழ் ஆறு பற்களுக்கு இதைப் போடுவார்கள். மறக்க முடியாது, தொலைக்க முடியாது. அதற்காகத் தலைவலி இல்லாமல் இல்லை. கீழ் முன்பல்லின் உட்பக்கம் எச்சில் சுரக்கும் துளைக்கு அருகிலேயே இருப்பதால் அங்கே பற்காரை சீக்கிரம் படியும். கம்பிக்கு அடியில் இடைப்பல் பிரஷ்ஷோ நூலோ விட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் ஈறு வீங்கும். இன்னொரு ஆபத்து, ஒரே ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போவது. அது வலிக்காது. மற்ற ஐந்தும் ஒட்டியிருக்க, அந்த ஒன்று மட்டும் சத்தமில்லாமல் விலகிப் போகும். நாக்கு நுனியில் கம்பி குத்துவதுபோல் இருந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

இவற்றில் எது உசத்தி? உலகெங்கும் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் குழு, திட்டமாக ஒன்றைச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே 2023இல் எழுதியது. ஆகவே பிள்ளையின் குணம் தெரிந்து தேர்ந்தெடுப்பதே நல்லது. பேனாவையும் குடையையும் வாரத்துக்கு ஒன்று தொலைக்கிற பிள்ளைக்கு ஒட்டுக்கம்பி, பல் தேய்க்கச் சோம்புகிற பிள்ளைக்குக் கழற்றி மாட்டும் வகை.

ரிடெய்னரின் பலத்துக்குச் சாட்சியாக ஒரு பெரிய நிறுவனமே நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜியா சிஷ்டி, வளர்ந்த பிறகு கம்பி போட்டுக் கழற்றியவர். பிளாஸ்டிக் ரிடெய்னரைச் சில நாள் போடாமல் விட்டபோது பல் விலகுவதையும், மறுபடி போட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்புவதையும் கவனித்தார். விலகிய பல்லை இது இழுத்து வருமென்றால், கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் மாற்றி வரிசையாகப் பல உறைகள் செய்தால் கம்பியே இல்லாமல் பல்லை நேராக்கலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. கெல்சி விர்த்துடன் சேர்ந்து 1997இல் அவர் தொடங்கியதுதான் அலைன் டெக்னாலஜி. இன்று ஊர்தோறும் விளம்பரமாகும் இன்விசலைன் அந்த நிறுவனத்தின் பொருள். பல் எவ்வளவு சீக்கிரம் நழுவும் என்பதும், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அதை எப்படித் தடுக்கும் என்பதும் இந்த ஒரே கதையில் இருக்கின்றன.

எத்தனை மணி நேரம் போட வேண்டும்? மருத்துவருக்கு மருத்துவர் கொஞ்சம் மாறும். முதல் சில மாதம் சாப்பாட்டு நேரம் தவிர எப்போதும், பிறகு ராத்திரியில் மட்டும் என்பது பலரும் சொல்கிற கணக்கு. முதலிலிருந்தே ராத்திரி மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. ராத்திரி மட்டும் போட்டால் எப்படிப் போதும் என்று சந்தேகம் வருவது இயல்பு. பல் சீரமைப்புத் துறையின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான வில்லியம் பிராஃபிட் 1978இல் எழுதியதில் விளக்கம் கிடைக்கும். கரும்பு கடிக்கிற பெரிய விசை நொடிக்கணக்கில் வந்து போவதால் பல்லை நகர்த்தாது. லேசான அழுத்தமாக இருந்தாலும் மணிக்கணக்கில் விடாமல் இருந்தால் நகர்த்தும். தூங்குகிற ஏழெட்டு மணி நேரம் அதற்குப் போதுமானது.

இனி, ரிடெய்னர் எங்கே சாகிறது என்று பார்க்கலாம். கல்யாணப் பந்தியில் சாகிறது. பிள்ளை உட்காருகிறது. சாப்பிடும்போது கழற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னது நினைவிருக்கிறது. டப்பா வீட்டில் கிடக்கிறது. டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைக்கிறது. சாம்பார், ரசம், பாயசம் முடிந்து, இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போகிறது. திரும்பி வருவதற்குள் பந்தி எடுப்பவர் இலையோடு விரித்த பேப்பரையும் சுருட்டி வாளியில் போட்டுவிடுகிறார். மண்டபத்தின் பின்கட்டில் குவிந்த இலைகளுக்கு நடுவே அந்தக் கண்ணாடிச் சில்லைத் தேடுவது ஆகிற காரியமா? பிள்ளை டப்பாவைப் பையில் போட்டதா என்று கிளம்பும்போதே ஒரு தடவை கேட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

அடுத்த எதிரி வெந்நீர். சுத்தமாக இருக்கட்டும் என்று பாட்டி கொதிநீரில் போட்டு எடுத்தால், பிளாஸ்டிக் உறை வளைந்து நெளிந்து பிறகு எந்தப் பல்லிலும் உட்காராது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலும் இதே கதிதான். ஆறின தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வீட்டில் நாய் இருந்தால் உயரத்தில் வைக்க வேண்டும், எச்சில் வாசனைக்கு அது தேடி வந்து கடித்துவிடும். உறையைப் போட்டுக்கொண்டே கூல்டிரிங்க்ஸ் குடிப்பது எல்லாவற்றிலும் மோசம். இனிப்பும் புளிப்பும் உறைக்குள் தேங்கிப் பல்லை அரிக்கும்.

தொலைந்த பிறகு வருகிற தவறுதான் பெரியது. அப்பா திட்டுவாரே என்று பிள்ளை சொல்லாமல் மறைக்கிறது. பரீட்சை முடியட்டும், போனஸ் வரட்டும் என்று பெற்றோரும் தள்ளிப்போடுகிறார்கள். நார்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மாதங்கள் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று கோரைப்பல் மறுபடி தலை நீட்டியிருக்கிறது. தொலைத்ததற்குத் திட்டுகிற வீட்டில் பிள்ளை உண்மையைச் சொல்லாது. சொன்ன அன்றைக்கே அழைத்துப் போகிற வீட்டில் பல் பிழைக்கும்.

மருத்துவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. கம்பி போடுவதற்கு முன், முதல் சந்திப்பிலேயே, ரிடெய்னர் எத்தனை காலம், உடைந்தால் புதிதாகச் செய்ய எவ்வளவு, எப்போதெல்லாம் காட்ட வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். பல் நேராக இருக்க வேண்டுமென்றால் ரிடெய்னரும் ஆயுளுக்கும் இருக்க வேண்டும் என்றுதான் இன்று பிரிட்டனின் பல் சீரமைப்புச் சங்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. இங்கேயும் அதை மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும். கம்பி கழற்றிய அன்று எடுத்த பிளாஸ்டர் மாடலையோ ஸ்கேன் கோப்பையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. உறை தொலைந்தால் அதை வைத்தே உடனடியாக இன்னொன்று செய்துகொள்ளலாம்.

விட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பல்லுக்குப் பொருந்தாத பழமொழி. ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் எந்த வயதிலும் பல் நகரும், கோணியதை மறுபடி நேராக்க முடியும்.

வீட்டுக்குப் போனதும் மேசை இழுப்பறையில், பள்ளிக்கூடப் பையில், கண்ணாடி அலமாரியில் எங்கேயோ கிடக்கும் அந்த டப்பாவைத் தேடி எடுங்கள். கழுவிவிட்டுப் போட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால் இன்றிரவிலிருந்தே போட்டுத் தூங்குங்கள், சில நாளில் இறுக்கம் தளரும். பல்மேல் உட்காராமல் தூக்கி நின்றால் விரலால் அழுத்தாதீர்கள், கடித்தும் இறக்காதீர்கள். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.